நாலு பருவ வண்டிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: விளம்பரப் பிரிவு மேலாளர் அவர்கள், ஆர்.வி. என்னும் வீட்டுவண்டித் தயாரிப்பு நிறுவனம். (பெயர் வண்டியின் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு இருக்கிறது, இங்கேயும் எதற்கு?)

பொருள்: ‘நான்கு பருவங்களுக்கும் ஏற்றது’ ஸ்டிக்கர் – விடுபட்டுப்போன குளிர்காலத்தைச் சேர்த்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி ஸ்டிக்கர், மற்றும் உரிமையாளர் கையேட்டின் பொடி எழுத்து.

ஐயா,

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தில், தங்கள் வண்டியையே வீடாக்கிக் குடியிருக்கிறேன். தாங்கள் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி வந்தவன். தமிழர்களாகிய எங்களுக்குப் பருவம் ஆறு. அதில் இரண்டைத் தள்ளுபடி செய்துதான் தங்களிடம் நாலுக்குச் சம்மதித்தேன். அந்த நாலிலும் ஒன்று குறைகிறது.

ஏரியைப் பற்றித் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. 82,100 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 406 மீட்டர். கோடையில் வாங்கிய சூட்டை இவ்வளவு தண்ணீர் லேசில் விட்டுக்கொடுக்காது. கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று அந்தச் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து, இந்தக் கரையின் மேட்டில் ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிட்டுப் போகிறது. ஏரி உறைந்து மூடிக்கொண்டால் கொட்டுவது குறையும். அது முழுசாக மூடுவது அபூர்வம். 1978-79 குளிர்காலத்தில் இந்த மாவட்டத்தில் விழுந்த பனி 390.4 அங்குலம். யாரும் மறந்துவிடக் கூடாது என்று 41-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் 30 அடிக்கு மேல் உயரமாக ஒரு அளவுப் பலகை நட்டிருக்கிறார்கள். தங்கள் வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தி ஒரு விளம்பரப் படம் எடுத்திருக்கலாமே! பனி பழக்கமில்லை என்றும் தாங்கள் சொல்ல முடியாது. இந்த நாட்டு ஆர்.வி.களில் பெரும்பகுதி தயாராகும் இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்துக்கு மிச்சிகன் ஏரி வருஷா வருஷம் பனி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

‘சூடேற்றப்பட்ட அடிப்பகுதி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். பொய்யில்லை. கழிவுத் தொட்டி வண்டிக்கடியில் மூடிய அறைக்குள் இருக்கிறது. ஹீட்டரிலிருந்து ஒரு குழாய் அதற்கு வெதுவெதுவென்று காற்று ஊதுகிறது. தொட்டியைத் திறக்கும் வால்வை மட்டும் அந்த அறைக்கு ஒரு சாண் வெளியே வைத்துவிட்டீர்கள். உள்ளே இருப்பது சுகமாக இளகியிருக்கிறது, அது வெளியேறும் வழி கல்லாகிவிட்டது. இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிக்கு முன்னால், பனியில் மல்லாந்து படுத்து, கழிவுக் குழாய்க்கு ஹேர் ட்ரையர் பிடிக்கும் அனுபவத்தைத் தங்கள் அடுத்த விளம்பரப் புத்தகத்தில் ‘ஏரியோரப் பொழுதுகள்’ என்ற தலைப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வால்வைத் திறந்தே வைத்தால், சொட்டுகிற நீர் குழாய்க்குள் படலம் படலமாக உறைந்து அடைத்துவிடும். மூடி வைத்து, தொட்டி நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். இது பக்கத்து வண்டிப் பெரியவர் சொல்லித் தெரிந்தது. அவரிடம் ஸ்டிக்கர் எதுவும் இல்லை.

உள்ளே வந்தால், கூரையில் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது. சுவருக்குள் அலுமினியச் சட்டம் ஓடுகிற இடமெல்லாம் வரிவரியாக ஈரம். எக்ஸ்ரே எடுத்ததுபோலத் தங்கள் வண்டியின் எலும்புக்கூடு முழுவதும் தெரிகிறது. வெல்டிங் ஒழுங்காகவே இருக்கிறது, பாராட்டுகள். மெத்தையின் ஓரம் சுவரோடு உறைந்து ஒட்டிக்கொண்டதைப் பற்றித் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணியிடம் சொன்னேன். சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது ஆகியவற்றால் ஈரம் சேரும் என்று கையேட்டைப் பார்த்துப் படித்தார். முதல் இரண்டையும் குறைத்துக்கொண்டேன். மூன்றாவதற்கு அவகாசம் வேண்டும். ஹீட்டர் ஓடும்போது கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவும் சொன்னார். ஆக, நான் காசு கொடுத்துச் சூடாக்கும் காற்றைத் தங்கள் ஆலோசனைப்படி ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காசுக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 30 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஒன்று, 30,000 பி.டி.யு. ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும் நல்ல சாதி. நம் ஊர் அடுப்பு சிலிண்டரில் கலந்திருக்கும் பியூட்டேனோ பூஜ்யம் டிகிரியிலேயே படுத்துவிடும். இந்த வண்டியில் குளிர்காலத்துக்கு உண்மையாகவே தயாராக இருப்பது அந்த வாயு ஒன்றுதான். அதைத் தாங்கள் தயாரிக்கவில்லை.

வண்டிக்கடியில் காற்று நுழையாமலிருக்கச் சுற்றிலும் ஃபோம் பலகை வைத்து அடைத்தேன். ஹீட்டரின் புகைவாயை மட்டும் விட்டுவிட்டு, பலகைக்கு மேல் பனியையே வாரி அணைத்தேன். அன்று ராத்திரிதான் தரை கொஞ்சம் சூடாக இருந்தது. இந்த வண்டிக்கு இதுவரை கிடைத்ததிலேயே சிறந்த குளிர்காப்பு அதுதான். ஏரி இலவசமாகக் கொடுத்தது, ஸ்டிக்கர் ஒட்டாமல்.

இதையெல்லாம் எழுதி உத்தரவாதத்தின்படி பழுதுநீக்கக் கேட்டபோதுதான் பொடி எழுத்தைக் காட்டினீர்கள்: இவ்வண்டி தற்காலிகப் பொழுதுபோக்குக்கு மட்டுமே, குடியிருப்புக்கு அல்ல. வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை எழுதியவரும் உள்ளே வைத்த கையேட்டை எழுதியவரும் ஒரே கட்டடத்தில்தானே வேலை பார்க்கிறார்கள்? ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்காவது அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாதா? இடப் பஞ்சம் என்றால் என் வண்டியில் உட்காரட்டும். ஜனவரியில் வரட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. கதவின் ரப்பர் பட்டை விறைத்து விலகிவிட்டது. இழுத்தால் நீளும் அறையின் பட்டை கிழிந்துவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் ஓரம்கூடத் தூக்காமல் இருக்கிறது. அந்தப் பசை எந்தக் கம்பெனியுடையது என்று தெரிவித்தால், மற்றவற்றை நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பொழுதுபோக்கு வாடிக்கையாளர்

இணைப்பு: வால்வுக் கைப்பிடி (இரண்டு துண்டு).