பேரீச்சையின் பெருங்குணங்கள்

பேரீச்சம்பழமே, உன் தாராளம் வடசென்னைக்குத் தெரியும். ஓட்டை வாளிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் ஈடாகத் தள்ளுவண்டிக்காரர் உன்னை அள்ளிக் கொடுத்த காலம் உண்டு. இன்று 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற பட்டத்தோடு டப்பாவில் வருகிறாய். பட்டம் பொய்யில்லை. உனக்கு எவரும் சேர்க்கத் தேவையே இல்லை. 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் உன் சொந்தச் சர்க்கரை.

உன் தம்பி கிஸ்மிஸ் மகா சிக்கனக்காரன். வெயிலில் காய்ந்தபோது தண்ணீரைத்தான் இழந்தான், சர்க்கரையை விடவில்லை. திராட்சையாக இருந்தபோது 100 கிராமுக்கு 16 கிராம் அளவில் இருந்தது, இப்போது 60ஐத் தாண்டுகிறது. ஒரு கிண்ணம் திராட்சை தின்றால் வயிறு 'போதும்' என்று சொல்லிவிடும். இவன் அந்தத் தொல்லையைத் தருவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கி, வயிற்றுக்குத் தெரியாமல் ரத்தத்தில் போய்ச் சேருகிறான். நார்ச்சத்து இருப்பதால் நீங்கள் இருவரும் வெள்ளைச் சர்க்கரையைவிட நிதானமாகவே ஏறுகிறீர்கள். அந்த நற்சான்றை நம்பித்தான் இரண்டு போதும் என்ற இடத்தில் எட்டு தின்கிறோம்.

யாரைத் தேடிப் போகிறாய் என்பதிலும் உன் தேர்வு அருமை. எண்ணூரில் நைட் ஷிப்ட் முடித்து, டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, 'இது பழம்தானே' என்று உன்னை வாயில் போடும் தொழிலாளி. அவர் நிற்பது நீரிழிவுக்கு முந்தைய படியில்: ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி., மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம். தாகமில்லை, சோர்வில்லை. வலிக்காத நிலைக்கு வலிக்காத விருந்தாளி நீ. அந்தப் படியில் நிற்பவர்கள் நாட்டில் 13.6 கோடிப் பேர் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

உன் துணிச்சல்தான் எனக்குப் பெரிய வியப்பு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய மருத்துவர் எம். விஸ்வநாதன், 1954இல் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையும் தொடங்கினார்; அது பின்னர் நீரிழிவுக்கென்றே ஆனது. அந்த ராயபுரத்திலேயே நீ தேனில் ஊறி, 'உடம்புக்கு நல்லது' என்ற பெயரோடு விற்பனைக்கு நிற்கிறாய்.

உன்னைச் சரியாக மதித்தவர்கள், ஒன்றோ மூன்றோ எடுத்து நோன்பு திறப்பவர்கள். மற்றவர்களும் ஒன்றிரண்டை, ஒரு பிடி வேர்க்கடலையோடு, சோற்றில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தின்னட்டும். இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், அவரவர் உடம்பில் உன் பெருமை எவ்வளவு என்பது எண்ணிலேயே தெரியும்.