வடவாற்றங்கரைச் சவாரிக்காரர்

சேத்தியாத்தோப்பில் ஏறி, வீராணம் ஏரிக்கரை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று வந்து, வடவாற்றங்கரையைப் பிடித்து அணைக்கரை வரை சைக்கிள் மிதிப்பவர் சவாரிக்காரர். பெரும்பாலும் சென்னைவாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் தென்படுவார், ஆடி மாதத்தில் கூடுதலாக. சேத்தியாத்தோப்பு வரை சைக்கிள் கார் கூரையில்தான் வரும்.

இந்த வழியை அவருக்குக் காட்டியவர் கல்கி. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வருவது வீராணம் ஏரிக்கரைமேல்தான். முதலாம் பராந்தகன் காலத்தில் (907-955) வெட்டிய வீரநாராயணன் ஏரிதான் வாய்வழக்கில் வீராணம் ஆயிற்று. ஏரிக்கு 74 கணவாய் (மதகு) என்று கல்கி எழுதியிருக்கிறார். சவாரிக்காரர் எண்ணிப் பார்த்துவிடுவது என்று கிளம்புவார். ஏழாவதில் கணக்கு தப்பும். தெற்கே போகிறவருக்கு ஆடிக்காற்று எதிர்க்காற்று. வந்தியத்தேவனுக்கும் அதே காற்றுதான், ஆனால் மூச்சு வாங்கியது குதிரைக்கு.

சவாரிக்காரரின் முழுப் பெருமையும் டீக்கடை வாசலில் வெளிப்படும். சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார், ஸ்டாண்டு கிடையாது. கடைக்காரர் பாய்லரை விட்டு வந்து சுற்றிப் பார்ப்பார்.

"என்ன விலை சார்?"

"ஒரு லட்சத்துச் சொச்சம்."

"ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட இல்ல. மிச்சத்த எப்ப சார் மாட்டித் தருவான்?"

எடை குறைப்பதற்காகவே அவையெல்லாம் இல்லை என்று சவாரிக்காரர் விளக்குவார். வண்டியில் குறைத்த எடை, அவர் தின்னும் நாலாவது வாழைக்காய் பஜ்ஜியில் ஈடாகிவிடும்.

வடவாறு பெயரில்தான் ஆறு. அணைக்கரையிலுள்ள கீழணையில் தேங்கும் கொள்ளிடத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாய் அது. நீளம் சுமார் 22 கி.மீ. தண்ணீர் வரும் திசைக்கு எதிரே அவர் போவார். கரையோரம் கருவேலமுள் உண்டு, ஆகவே பஞ்சரும் உண்டு. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் எல்லாம் தயாராக இருக்கும். ஒட்டி முடித்துக் காற்றடிக்கும்போதுதான் சிக்கல். வெளிநாட்டு டியூபின் ஒல்லி மூக்கில் கடைக்காரரின் பம்பு பொருந்தாது. பொருந்துகிற பம்பு கார் டிக்கியில் இருக்கும். "வால்டியூப் இல்லாத டியூப இப்பதான் பாக்கிறேன்" என்று கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நியாயமான ஆச்சரியம்தான்.

கார் வந்து பம்பு கிடைத்ததும் பயணம் தொடரும். பின்னால் ஒரு பழைய சைக்கிள், கேரியரில் ஆளுயரப் புல்லுக்கட்டு. ஓட்டுகிறவர் கைலியை மடித்துக் கட்டியிருப்பார், வாயில் வெற்றிலை. ஹெல்மெட், கையுறை, பஞ்சு தைத்த கால்சட்டை சகிதம் முக்கிக்கொண்டிருப்பவரை ஒட்டி வந்து, "செயின் டைட்டா இருக்கா சார்?" என்று விசாரித்துவிட்டு முந்திப் போவார். இந்த ஒரு காட்சியைச் சவாரிக்காரர் படம் பிடிப்பதில்லை.

அணைக்கரையில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை முன்னால், சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் படத்தோடு சவாரி முடியும். கையிலுள்ள கடிகாரம் சுமார் 40 கி.மீ. என்று காட்டும். பிறகு கார்.

அன்றிரவு உடம்புவலி தீர அவர் குளிப்பதும் அநேகமாக வீராணம் தண்ணீரில்தான். 2004 முதல் அது குழாய் வழியே, சுமார் 235 கி.மீ. தாண்டிச் சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது.