வாஸ்கோ ட காமா சதுக்கத்தில் கிரவுண்ட் என்ன விலை?

ஹாம்பர்க்,
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா மகள் எழுதுவது. அங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது என்று அம்மா சொன்னாள். இங்கே ஆட்கள் கோடை வந்துவிட்டதென்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் கிடக்கிறார்கள். நான் ஸ்வெட்டருக்குள் கிடக்கிறேன்.

"அந்த ஊர்ல புதுசா டெவலப் ஆகிற ஏரியா இருந்தா நடந்து பாத்துட்டு, ரேட்டு என்னன்னு விசாரிச்சு எழுது. வாய்ஸ் மெசேஜ் போடாதே, கேக்கறதுக்குள்ள பார்ட்டி வந்துடறாங்க" என்றீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சீமைக்குப் போன அக்கா மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் கிரவுண்ட் விலை கேட்கிற தாய்மாமன் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

பேட்டையின் பெயர் ஹாஃபன்சிட்டி. நம் பக்கத்து "கிரீன் சிட்டி", "ராயல் சிட்டி" வகையறாதான். லேஅவுட்டுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே வாத்தியார் போலிருக்கிறது. எல்பே ஆற்றங்கரையில் பழைய துறைமுகம் இருந்த இடம். கப்பல்களெல்லாம் கன்டெய்னருக்கு மாறியதும் இந்தச் சின்னத் துறைகளுக்கு வேலை குறைந்துபோனது. தண்ணீரும் சேர்த்து மொத்தம் 157 ஹெக்டேர். உங்கள் கணக்கில் சுமார் 388 ஏக்கர், ஏழாயிரம் கிரவுண்ட். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்த ஏழாயிரத்தில் ஒரு கிரவுண்டில்கூட புரோக்கர் கமிஷன் பார்க்க வழியில்லாமல் செய்துவிட்டார்கள், மாமா. 1990களில் இங்கே ஹென்னிங் ஃபோஷராவ் என்று ஒரு மேயர் இருந்தார். துறைமுக நிலம் பெரும்பாலும் நகரத்துக்கே சொந்தம். மேலே நின்ற கட்டடங்களையும் குடோன்களையும் நகரத்தின் கம்பெனி ஒன்றை வைத்துச் சத்தமில்லாமல் வாங்கினார். விஷயம் வெளியே கசிந்தால் விலை ஏறிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. கையில் எல்லாம் வந்த பிறகுதான், 1997 மே மாதம், இங்கே ஊர் வரப்போகிறது என்று மேடையேறிச் சொன்னார். நம் பக்கம் 2022 ஆகஸ்டில் புது ஏர்போர்ட்டுக்குப் பரந்தூர் என்ற பெயர் வெளியே வந்தவுடன் உங்கள் போன் எத்தனை நாள் சூடாக இருந்தது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். ஏகனாபுரத்துக்காரர்கள் ஏரியையும் வயலையும் விடமாட்டோம் என்று உட்கார்ந்திருக்க, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற மனைக்குக்கூட "ஏர்போர்ட் அருகில்" என்று போர்டு வைத்தார்கள் அல்லவா?

விற்கிற முறையைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். வீடு கட்டும் மனையை அதிக விலை கேட்டவருக்குக் கொடுப்பதில்லை. என்ன கட்டப்போகிறாய், யாரைக் குடிவைக்கப் போகிறாய் என்பதற்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண். விலைக்கு அதைவிடக் குறைவு. தேர்வானவருக்கும் உடனே பத்திரம் கிடையாது. இத்தனை காலம் இந்த மனை உனக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் தன் செலவில் வரைபடம் போட்டு, நகரத்தோடு உட்கார்ந்து திருத்தி, அனுமதி வாங்க வேண்டும். அப்புறம்தான் பணம், கிரயம். சோம்பினால் மனை திரும்பிப் போய்விடும். வாங்கி, நாலு மூலையிலும் கல் நட்டு, கம்பிவேலி போட்டு, மகள் கல்யாணம் வரைக்கும் முள்ளு வளர்க்கிற கலை இங்கே செல்லாது. முதலில் கட்டிய பகுதி பணக்காரர்களுக்கே ஆகிவிட்டது என்று ஊரில் முணுமுணுப்பு எழ, பின்னால் வந்த பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மானிய வாடகைக்கு என்று வைத்தார்கள்.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன்.

மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் இந்தப் பேட்டையின் வயதை நடந்தே கடக்கலாம், அந்த வரிசையில்தான் கட்டினார்கள். மேற்குக் கோடியில் எல்ப்ஃபில்ஹார்மோனி என்கிற சங்கீத மண்டபம். கோக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கியிருந்த பழைய செங்கல் குடோனின் வெளிச்சுவர்களை மட்டும் அப்படியே விட்டு, அதன் தலையில் கண்ணாடியால் அலையலையாக ஒரு கட்டடத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மொத்த உயரம் 110 மீட்டர். கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் 37 மீட்டர் உயரத்து மாடம் வரை போகலாம். போகிற எஸ்கலேட்டர் 82 மீட்டர் நீளம், நடுவில் வளைந்திருப்பதால் ஏறும்போது முடிவு தெரியாது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி கைப்பையைத் திறந்து ஒரு ஆப்பிளைத் தின்று முடித்துவிட்டார், இன்னும் மேலே போய்க்கொண்டே இருந்தோம்.

அதன் எஸ்டிமேட் கதை உங்களுக்குப் பிடிக்கும். நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று ஆரம்பித்தார்கள், முடியும்போது 78.9 கோடி. 2010இல் திறப்பதாகச் சொன்னது 2017 ஜனவரியில் திறந்தது. ஜெர்மன்காரன் நேரம் தவறமாட்டான், கணக்கு தவறமாட்டான் என்று டீக்கடையில் பேசுவீர்களே, அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நகர சட்டமன்றம் விசாரணைக் குழு போட்டுக் கட்டுக்கட்டாக அறிக்கை எழுதியது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. பராந்தகச் சோழன் காலத்திலேயே, கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்று கல்லில் வெட்டி முடித்துவிட்டார்கள். அதில் ஏரி வாரியம் என்று தனியாகவே ஒன்று உண்டு. அந்த ஏரி வாரியத்து ஆள் ஒருவரை அழைத்துவந்து இந்தப் பேட்டையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று எனக்கு இன்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டர். ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் ஆற்றோடு இங்கே வரைக்கும் வந்து போகிறது, ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மெரினாத் தண்ணீர் காலையும் மாலையும் நம் தாமலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது மாதிரி. பழைய கப்பல்களைக் கட்டி வைத்திருக்கும் ஜாண்டோர் துறையில் மிதவை மேடை ஒன்று இருக்கிறது. மேடையின் இரும்பு வளையம் நட்டு வைத்த தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். தூணில் ஒரு மட்டத்துக்குக் கீழே பச்சைப் பாசி, அதற்கு மேலே துரு. நான் போனபோது கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்து, பார்த்து, "அப்புறம் வரலாம்" என்கிற மாதிரி திரும்பிப் போனார். ஆறு ஏறினால் பாலம் தானே சமமாகும், அவருக்கு அவசரமில்லை.

புயல் சேர்ந்தால்தான் ஆபத்து. 1962 பிப்ரவரியில் வடகடலிலிருந்து வெள்ளம் ஏறி, கரைகள் உடைந்து, இந்த நகரத்தில் மட்டும் 315 பேர் போய்விட்டார்கள். 1976இல் அதைவிட உயரமாக வந்தது. அதற்குள் கரைகளை உயர்த்தியிருந்தார்கள். ஹாஃபன்சிட்டியோ கரைக்கு வெளியே, தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கிறது! அங்கே எப்படி ஊர் கட்டுவது? சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தால் ஆறு கண்ணுக்குத் தெரியாது, செலவும் தாங்காது. அதனால் தரையையே உயர்த்தினார்கள். கட்டடங்களும் தெருக்களும் கடல் மட்டத்துக்கு மேல் எட்டு ஒன்பது மீட்டர் மேட்டில் நிற்கின்றன. மேட்டின் வயிற்றுக்குள் கார் நிறுத்தம். தண்ணீரோரம் நடைபாதையை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் அந்த நடைபாதை ஆற்றுக்கு. சில மணி நேரம் கழித்து ஆறு திருப்பிக் கொடுத்துவிடும்.

அந்தக் கீழ்ப்பாதையிலும் சில ஓட்டல்கள் உண்டு. அவற்றின் சுவரில் கனத்த இரும்புக் கதவுகள், ஓரமெல்லாம் கருப்பு ரப்பர் பட்டை, கீழே பூட்டுவதற்குத் தரையில் பதித்த கொக்கிகள். ஒரு கதவை ஒட்டி நாற்காலி போட்டு இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதவில் சாய்ந்திருந்தார். நம் ஏரி மதகில் தாத்தா சாய்ந்து பீடி குடிப்பாரே, அந்தச் சாய்வு. வெள்ள நேரத்தில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்துபோக உயரமான பாலங்களை முதல் வேலையாகவே கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் வழி கட்டுகிற லேஅவுட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

தெருப்பெயர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். ஷாங்காய், ஒசாகா, டோக்கியோ, சிங்கப்பூர், ஹாங்காங், கொரியா என்று ஆசியா முழுக்க வரிசையாக வருகிறது. காஞ்சிபுரம் என் கண்ணில் படவில்லை. மார்க்கோ போலோ பெயரில் படிக்கட்டும் புல்தரையும். மகெல்லன் பெயரில் இன்னொரு படிக்கட்டு. நாலு வீடு தள்ளி வாஸ்கோ ட காமா சதுக்கம். போதாதென்று பக்கத்துக் குடோன் வட்டாரத்துப் பாலத்தில் கொலம்பஸும் அவரும் ஆளுக்கொரு பக்கம் சிலையாக வேறு நிற்கிறார்கள். 1498இல் கோழிக்கோட்டுக்கு மிளகு வாங்க வந்தவர், 1502இல் திரும்பி வந்தபோது மக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவர். அவர் பெயர் வைத்த சதுக்கத்தில் பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு நம் நிறம். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. தூக்கிப் போட்டேன், "டாங்கே" என்றான். கோழிக்கோட்டு ஆளா, கொழும்பு ஆளா, கேட்கவில்லை.

இந்த மண்ணுக்கும் காவல்தெய்வம் ஒன்று உண்டு, ஆனால் பூசை இல்லை. 1400ஐ ஒட்டி ஷ்டோர்ட்டபெக்கர் என்ற கடற்கொள்ளைக்காரரை இந்தப் பேட்டை இருக்கும் ஆற்றுத் திட்டில்தான் தலையை வெட்டினார்களாம். தலை போன பிறகு எத்தனை பேரைக் கடந்து நடக்கிறானோ அத்தனை பேருக்கு விடுதலை என்று மேயர் வாக்குக் கொடுத்ததாகக் கதை. தலையில்லாத உடம்பு எழுந்து பதினொரு கூட்டாளிகளைக் கடந்து போனது. வெட்டியவன் காலை இடறிவிட்டான். மேயரும் வாக்கைக் காப்பாற்றவில்லை. நம் ஊர் எல்லையாக இருந்தால் இதற்குள் குதிரையும் அரிவாளும் வைத்து, ஆடு வெட்டி, நாலு குடும்பத்துக்குக் குலசாமி ஆக்கியிருப்போம். இவர்கள் ஒரு வெண்கலச் சிலையோடு நிறுத்திக்கொண்டார்கள். கோயில் என்றதும் அம்மா கேட்பாள்: தாமலில் வராகீஸ்வரரும் தாமோதரப் பெருமாளும் இருக்கிற மாதிரி இந்தப் பேட்டையில் யாரும் இல்லை. ஆனால் ரயிலில் போனால் ஹாம் என்ற ஊரில் ஈழத்துக்காரர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. நம் காமாட்சியேதான், அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

நடுவில் பிரம்மாண்டமான மால் ஒன்று. ஒரு வருஷம் தள்ளிப்போய், போன மாதம் 8ஆம் தேதிதான் திறந்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆகவே கடைகள் பூட்டு! கோடிகோடியாகக் கொட்டிக் கட்டிவிட்டு, ஜனங்களுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாளில் மூடி வைக்கிற வியாபாரத்தை உங்களால் நம்ப முடியாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் ஞாயிறு உண்டு என்கிறது சட்டம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டியவர்களுக்கு அந்தக் கரிசனம் எட்டவில்லை. 2023 அக்டோபரில் லிஃப்ட் குழிக்குள் சாரம் சரிந்து தொழிலாளிகள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, வேகமாக நடந்தேன்.

கிழக்குக் கோடியில் எல்ப்டவர் என்ற ஒன்று, 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டம் போட்டது. கட்டுகிறவருக்கு முதலாளி பணம் தரவில்லை, அதே 2023 அக்டோபரில் வேலை நின்றது. முதலாளி கம்பெனி திவால். சுமார் 100 மீட்டரில் மொட்டையாக நிற்கிறது. திட்டத்தை அறிவித்தபோது மேயராக இருந்தவர் ஓலாஃப் ஷோல்ஸ், பின்னால் நாட்டுக்கே பிரதமரானாரே அவர்தான். ஊர் ஜனங்கள் அதற்கு "குட்டை ஓலாஃப்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற பெரியவர் எதுவும் பேசாமல் உதட்டைப் பிதுக்கினார். நம் ஊரில் பில்லர் போட்டுக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற கல்யாண மண்டபத்தைப் பார்த்து நீங்கள் பிதுக்குவீர்களே, அச்சாக அப்படியே.

இனி ரேட்டு. மனை தனியாளுக்குக் கிடைக்காது, வீடு வாங்கலாம். விலை விளம்பரங்களைப் பார்த்தேன். உங்களுக்கு பி.பி. இருப்பதால் எழுதவில்லை.

நீங்கள் போன வாரம் அனுப்பிய நோட்டீசும் பார்த்தேன். "ஏரி பார்த்த மனைகள், சில்லென்ற காற்று, டிடிசிபி அப்ரூவல், உடனடிப் பத்திரம்." படத்தில் ஏரி நிறையத் தண்ணீரும், யாரோ வெள்ளைக்காரக் குழந்தையும் இருந்தது. எனக்கு ஒரு மனை பிடித்து வைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னீர்களாம், ரொம்ப சந்தோஷம். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி கார்த்திகையில் ஏரி கோடி போகும்போது தண்ணீர் எந்தப் பக்கமாகப் பாய்கிறது, கலங்கலிலிருந்து நம் மனை எத்தனை அடி, தரை அதற்கு மேலா கீழா என்று மட்டும் பதில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தாத்தாவைக் கேளுங்கள். அவர் சிரித்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. கூழ் வடகம் இந்த வெயிலில் போட்டால் யாராவது வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்; இங்கே போட்டால் காய்வதற்குள் விசா முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அக்கா மகள்