பூஜை போட்ட பென் டிரைவ்

திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மலையில் தாலி கட்டி இறங்கும் கூட்டத்துக்குக் கீழே மண்டபம் வேண்டும். இந்தக் காலத்தில் மண்டபத்துக்கு வெப்சைட் வேண்டும். வெப்சைட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள்தான் நம் கதாநாயகர். பஸ் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ், பான் கார்டு, ரயில் டிக்கெட்டோடு வேர்ட்பிரஸ் சைட்டும் போட்டுத் தருபவர்.

மண்டபத்துக்காரர் ஒருவருக்கு ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும் ஆசை வந்தது. "மொதல்ல பேக்கப் எடுத்துக் கையில குடுத்துடறேன்ணா" என்றார் நம்மவர். சர்வரில் பேக்கப் ஜோராகத் தயாரானது. டவுன்லோடு கொடுத்தால் குரோம் 'தோல்வி' என்றது. விடுவாரா? அதே முகவரியை ஒரு டவுன்லோடு மேனேஜரிடம் கொடுத்தார். கண்ணிமைப்பதற்குள் ஜிப் ஃபைல் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வேகத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த ஃபைலை ஏற்றிய பென் டிரைவை வாங்கிய மண்டபத்துக்காரர் நேரே மலைக்குப் போனார். புது வண்டிச் சாவியை வைப்பதுபோல் முருகன் சந்நிதியில் அதை வைத்து, விபூதி குங்குமத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்.

புது சர்வரில் ஏற்றும்போது ஜிப் திறக்கவில்லை. அளவைப் பார்த்தால் ஒரு கேபி. இத்தனை வருஷக் கல்யாண போட்டோக்கள் ஒரு கேபிக்குள் எப்படி அடங்கும்? நம்மவர் நோட்பேடில் திறந்தார். '403 ஃபர்பிடன்' என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் இதைப் பார்க்க உனக்கு அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. சர்வர் அனுப்பிய மறுப்பைத்தான் டவுன்லோடு மேனேஜர் ஜிப் என்று பெயர் சூட்டிச் சேமித்திருக்கிறது. அதற்குத்தான் பூஜையும் நடந்திருக்கிறது.

"ஆந்திராவுல இருந்த ஊரையே 1960 ஏப்ரல் ஒண்ணாம் தேதி இந்தப் பக்கம் கொண்டாந்துட்டாங்க. ம.பொ.சி. ஐயா எவ்வளவு போராடினாரு! நீ ஒரு ஃபைலைக் கொண்டாற முடியலைன்றியே தம்பி" என்றார் மண்டபத்துக்காரர். தம்பியிடம் பதில் இல்லை.

உள்ளதைச் சொன்னால் நியாயம் சர்வர் பக்கம்தான். பேக்கப்பில் போட்டோ மட்டுமா இருக்கிறது? டேட்டாபேஸ் முழுவதும் இருக்கிறது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. 'பேக்கப் டாட் ஜிப் இருக்கிறதா?' என்று சைட் சைட்டாகக் கேட்டுக்கொண்டு திரியும் திருட்டு நிரல்கள் ஏராளம். அதனால் பல பேக்கப் பிளகின்கள் தங்கள் ஃபோல்டரில் ஹெச்.டி.ஆக்சஸ் என்ற சின்ன ஃபைலைப் போட்டு, வெப் வழியாக வருகிற எவருக்கும் கதவைச் சாத்திவிடுகின்றன. அந்த 'எவரும்' கணக்கில் முதலாளியும் அடக்கம்! வேடிக்கை என்னவென்றால், அப்பாச்சி சர்வர் மதிக்கிற இந்த ஃபைலை என்ஜின்எக்ஸ் படிப்பதே இல்லை. அங்கே அதே ஃபோல்டர் திறந்தே கிடக்கலாம். மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். இன்னொரு ரகம். தனக்குப் பழக்கமில்லாத பின்னொட்டு கொண்ட பேக்கப் ஃபைல் என்றால், கண்ணெதிரே இருப்பதையே '404, இல்லை' என்று சாதிக்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது அந்த ஹெச்.டி.ஆக்சஸைத் தூக்கிவிடுவது. வேண்டாம். நம்மவர் இரண்டாம் முறை ஃபைல்ஜில்லாவில் எஸ்.எஃப்.டி.பி. வழியாகப் போனார். அது வெப் கதவுப் பக்கமே போகாத பாதை. (பழைய எஃப்.டி.பி.யை பிரவுசரிலேயே திறக்கும் வசதியை குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021இல் எடுத்துவிட்டன. பழைய எஃப்.டி.பி.தான் கதி என்றால் பைனரி முறையில் இறக்க வேண்டும். ஆஸ்கி முறையில் இறக்கினால் ஜிப் கெட்டுப்போகும்.) பெரிய ஃபைல் பாதியில் அறுந்ததால் பிளகினிலேயே துண்டு துண்டாகப் பிரித்து எடுத்தார். ஒவ்வொரு துண்டின் பைட் கணக்கையும் சர்வரில் உள்ளதோடு ஒப்பிட்டார். எல்லாம் வந்து சேர்ந்ததும் சர்வரில் இருந்த பேக்கப்பை அழித்தார்.

அவரைப் பார்த்துச் சிரிக்குமுன் பெரிய இடத்துக் கதை ஒன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் என்ஜினியர், அசதியில், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொன்றில் இருந்த டேட்டாபேஸை அழித்தார். சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப் தேடினால், டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப்பே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. 'பேக்கப் தோல்வி' என்று போன எச்சரிக்கை மெயில்களையும் மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. அந்த மீட்புப் படலத்தை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். திருத்தணியில் அந்த அளவுக்குப் போகவில்லை.

பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓ.வி.ஹெச். என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் சைட், பேக்கப் இரண்டையும் இழந்தார்கள்.

ஆகவே வெப்சைட் வைத்திருக்கும் பெருமக்களே, எஸ்.எஃப்.டி.பி. பாஸ்வேர்டை உங்கள் ஹோஸ்டிங்காரரிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். கணக்கு காலாவதியாகி, சர்வரைத் துடைத்த பிறகு கேட்டால் கொடுக்க அவரிடமும் ஒன்றும் இருக்காது.