குட்டி குட்டியாகவே இருக்க வேண்டுமா?

வெண்பன்றிப் பண்ணைக்காரருக்குப் பெருந்தொல்லை, குட்டிகள் வளர்ந்துவிடுவதுதான். வளர்ந்தால் விற்க வேண்டும்; விற்றால் காசு வரும்; காசு வந்தால் மச்சான் கடன் கேட்பார். தப்பிக்க வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

பிறந்த அன்றே தொடங்குங்கள். நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி பன்றிக்குட்டிக்கு வருவதில்லை, சீம்பால்தான் கதி. குடலும் அந்தச் சக்தியை முதல் ஒரு நாளுக்குத்தான் உள்ளே விடும். ஆகவே ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்து மறுநாள் குடிக்க விடுங்கள். முன்வரிசைக் காம்புகளில் பால் அதிகம். தடியன்கள் அவற்றைப் பிடித்துக்கொள்வார்கள், நோஞ்சான் பின்னால் போகும், சில நாளில் இடம் நிலைத்துவிடும். குறுக்கே போகாதீர்கள். குட்டி குறைவாக உள்ள வேறு தாயிடம் நோஞ்சானைச் சேர்த்தால் அது தேறிவிடும் அபாயம் உண்டு. இரும்புச்சத்து ஊசியும் வேண்டாம். நாளுக்குத் தேவை ஏறக்குறைய 7 மில்லிகிராம், தாய்ப்பாலில் கிடைப்பதோ 1. சிமெண்ட் தரையில் மண் தின்னவும் வழியில்லை. குட்டி வெளுத்தால் என்ன, வெண்பன்றிதானே!

சிலர் இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டித்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பழக்குகிறார்கள். மூன்று வாரத்துக்குப் பின் தாயின் பால் பசிக்கு ஈடுகொடுக்காதாம். நீங்கள் 56 நாளும் பால் மட்டும் கொடுங்கள். அப்புறம் ஒரே நாளில் தாயைப் பிரித்து, தொட்டி நிறையத் தீவனம் கொட்டுங்கள். பழகாத குடல் கழிசலில் பதில் சொல்லும். எடையும் சில நாளுக்கு நின்றுவிடும்.

எதைக் கொட்டுவது? ஓட்டல் மிச்சம்தான். பெரிய பன்றி அதைத் தின்று சமாளிக்கும், குட்டியின் வயிறோ சிறியது. சோற்றில் பெரும்பங்கு தண்ணீர், மீதி மாவுச்சத்து. புரதம், அதிலும் லைசின், போதாமல் சதை ஏறாது. வயிறு பானையாகும், தராசு அசையாது. சோயாப் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்த அடர்தீவனத்தைக் கூடவே வைத்துவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். ஊறுகாயையும் அப்பளத்தையும் பொறுக்கி எறியாமல் போட்டு, தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிடுங்கள்; உப்பும் தாகமும் சேர்ந்தால் வலிப்பே வரும். மிச்சத்தைக் கொதிக்கவைக்காதீர்கள், விறகு மிச்சம். அதில் கிடக்கும் பன்றிக்கறித் துண்டு வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் வளர்ச்சி என்ற பேச்சே எழாது. 2020-இல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டிய நோய் அது, வந்தால் சிகிச்சை கிடையாது.

தொட்டி குறுகலாக ஒன்று போதும். பெரிசு சிறிசு எல்லாவற்றையும் ஒரே கொட்டிலில் அடையுங்கள். முந்துவது தின்னட்டும்.

கால்நடை மருத்துவர் கேட்டால் இனம் சரியில்லை என்று சொல்லிவிடலாம். கூடப்பிறந்த குட்டிகளை வாங்கிப்போனவரின் பண்ணைப் பக்கம் மட்டும் அவரை அழைத்துப் போகாதீர்கள்.