மூணே நிமிஷம்தான்

“மூணே நிமிஷம்தான், பாரு” என்று ஃபோனை மூக்குக்கு நேரே நீட்டுகிறாரே, அந்தச் சித்தப்பாவைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம், மாடிவீட்டுக்காரராக இருக்கலாம். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. பொதுவாக இந்த இனத்தார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஃபோனுக்குப் பச்சை உறை போட்டு, அது ஓரத்தில் கிழிந்து, ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பார்கள்.

உலகச் செய்தி, விஞ்ஞானம், கலை, வியாபாரம் எல்லாமே அவருக்குக் குட்டி வீடியோவாகத்தான் வருகிறது. அதில் தப்பில்லை, நாமும்தான் பார்க்கிறோம். ஆனால் நாம் பார்த்து முடித்து அடுத்ததற்குப் போய்விடுவோம். அவருக்கு அது பாதி வேலை. இன்னொருத்தர் பார்ப்பதைத் தான் பார்த்தால்தான் அந்த வீடியோ முடிந்ததாகக் கணக்கு.

ஃபோனை நம் கையில் தரவே மாட்டார். தானே பிடித்துக்கொள்வார். கட்டைவிரல் கீழே ஓடும் எழுத்தில் பாதியை மறைக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் சத்தமில்லாமல் பார்க்கட்டும் என்றுதான் அந்த எழுத்தையே போடுகிறார்கள். இவர் சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்து, எழுத்தையும் உரக்கப் படித்து, நடுநடுவே சொந்தமாக விளக்கமும் சொல்வார். ஒரே செய்தி மூன்று பக்கமிருந்து வந்து, ஒன்றும் உள்ளே போகாது. இத்தனைக்கும் அவர் கண் திரையில் இருக்காது. நம் முகத்தில் இருக்கும்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் மாட்டிக்கொண்டதே, அந்த வீடியோவை நானும் இப்படித்தான் பார்த்தேன். கப்பலின் நீளம் 400 மீட்டர். “இப்ப மாட்டும் பாரு, இப்ப மாட்டும் பாரு” என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார். கப்பல் குறுக்கே நிற்பதுதான் வீடியோவின் முதல் காட்சியே. ஆறு நாள் அடைபட்டுக் கிடந்த கால்வாய் மூன்று நிமிஷத்தில் திறந்துவிட்டது. சித்தப்பா மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை.

எந்த வீடியோவுக்கு எந்த முகம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விஞ்ஞானம் என்றால் புருவம் ஏற வேண்டும். வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற 243 நாள் ஆகிறது, சூரியனைச் சுற்றிவர 225 நாள்தான். “அங்க வருஷத்தை விட நாள் பெருசு!” என்பார். புருவம் போதிய உயரம் போகாவிட்டால் வீடியோ முதலிலிருந்து ஓடும். “ஏன் சித்தப்பா அது அவ்வளவு மெதுவா சுத்துது?” என்று கேட்டால் வந்தது வினை. “அதான் சொல்றானே, கவனி” என்று மறுபடி போடுவார். அதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசாமல் புருவத்தைத் தூக்கிவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொள்வது உத்தமம்.

வியாபாரம் என்றால் ‘த்சொ’ கொட்ட வேண்டும். கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். கம்பெனியோ ஃபிலிம் வியாபாரத்தை விட மனமில்லாமல் இருந்து, 2012-இல் திவால் மனு போட்டது. இந்த வீடியோ வந்த வாரம் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் போய், “கரிப்பெட்டியையே பிடிச்சுக்கிட்டு இருந்தா கோடாக் மாதிரி ஆயிடுவீங்க” என்று எச்சரித்திருக்கிறார். அவர் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, “அவரு எந்தத் தெரு சார்?” என்று கேட்டாராம்.

ஆக்டோபஸ் வீடியோ இருக்கிறதே, அது பரீட்சை. “ஆக்டோபஸுக்கு இதயம் எத்தனை, சொல்லு?” மூன்று என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மனிதர் முகம் தொங்கிப்போகும். சரியான பதில், “ஒண்ணுதானே?” உடனே அவர் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்க வேண்டுமே! மூன்று இதயமும் முடிந்து, ரத்தம் நீலம், அதில் இரும்புக்குப் பதில் தாமிரம் என்பது வரை ஒரே மூச்சில் வந்துவிடும். எங்கள் வீட்டு வாண்டு ஒருநாள், “மூணு தாத்தா, போன தடவையே சொன்னீங்களே” என்றது. அன்றைக்கு மோர் சாதம் வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

சித்திதான் இந்த வித்தையில் கரை கண்டவள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் “அப்படியா!” என்பாள். கிரகணம், பங்குச்சந்தை, பிரமிடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ‘அப்படியா’ பொருந்தும். சில நாள் வீடியோ ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

நடிப்பு அவரிடம் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே வியந்துபோகிறார். அந்த வியப்பைத் தனியாக வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை குண்டு விழுந்த ஊர் ஒன்று வந்தது. இடிபாட்டுக்குள் ஒருவர் வெறும் கையால் சிமெண்ட் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். “இப்ப வரும் பாரு” என்று அதே முழங்கை. நான் இலையைப் பார்த்தேன். “என்ன, ஏற்கெனவே பாத்துட்டியா?” என்றார். கட்டைவிரல் மேலே தள்ளியது. இத்தாலியில் பாலாடைக்கட்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தப்பா, எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் இப்படி இருந்தவர் இல்லை. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தபோது, எதிர்வீட்டுப் பையன் அங்கே வேலைக்குப் போயிருந்தான். நீங்கள் தினமும் பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினீர்கள். அப்போதும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படித்தீர்கள். அந்தம்மா முகம் மாறினால் சில வரிகளை முழுங்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவீர்கள். அம்மான் நகர் வழியாக விமானம் விட்டு இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வரை கொண்டுவந்தார்களே, அந்தச் செய்தியை மட்டும் இரண்டு தடவை படித்தீர்கள். கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்.

அதனால் சொல்கிறேன். ஆக்டோபஸை எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் ‘ஒண்ணுதானே?’ என்கிறேன். இடிந்த வீட்டை மட்டும் முழங்கையால் இடித்துக் காட்டாதீர்கள்.