மோட்டாருக்கு மோட்சம் கொடுக்கும் முறை

வா மாப்ளே, உட்காரு. மறுபடியும் காயில் கட்டக் கொடுத்துட்டு வர்றியா? பேஷ்! ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் வைகுண்ட ஏகாதசிக்குத்தான் திறக்கும். உன் மோட்டாருக்குக் கோடை பூரா திறந்தே கிடக்கு. அந்தப் புண்ணியத்தை இன்னும் வேகமா சேர்க்க வழி சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல அந்த சிங்கிள் பேஸ் பிரிவென்டரை டைரக்ட் பண்ணிடு. மூணு பேஸ்ல ஒண்ணு போனா டிரிப் ஆகுதுன்னுதானே உனக்குக் கோபம்? அது இல்லேன்னா, ஓடுற மோட்டார் நிக்காது. மிச்ச ரெண்டு பேஸும் மூணாவதோட பாரத்தையும் இழுக்கும். 10 ஆம்பியர் போன ஒயர்ல 17 வரைக்கும் போகும். இன்சுலேஷன் கருகும், காயில் கடைக்காரர் வீட்டுல விளக்கெரியும்.

“ஓவர்லோடு ரிலே இருக்கே மாமா”ம்பே. இருக்கு, இல்லேங்கலை. அதைத்தான் ஸ்க்ரூடிரைவரால கடைக்கோடி வரைக்கும் திருகி வச்சிருக்கியே! செல்போன்ல மோட்டார் போடத் தெரியுது. நேம் பிளேட்ல எத்தனை ஆம்பியர்னு படிக்கத்தான் தெரியலை.

அடுத்தது தண்ணி. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல நம்ம வாழை. நமக்கு எங்கே வத்தப் போகுதுன்னு மீசையை முறுக்குவே. காவிரி வறண்ட வருஷம் சித்திரையில அம்மா மண்டபத்துப் படியிறங்கிப் பாரு, மணல்தான் காலைச் சுடும். மேட்டூர் திறக்கிற வழக்கமான நாளே ஜூன் 12. அதுவரைக்கும் போர்ல தண்ணி இறங்கத்தான் செய்யும். சப்மெர்சிபிளுக்குச் சுத்தியிருக்கிற தண்ணிதான் குளிர்ச்சி. தண்ணியில்லாம ஓடினா ஆம்பியர் ஏறாது, இறங்கும். ஓவர்லோடு ரிலே ஏறினாத்தான் முழிக்கும், இறங்கினா தூங்கும். அந்த இறக்கத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்தத்தான் டிரை ரன் பாதுகாப்பு. உனக்கெதுக்கு அது? விலை ஜாஸ்தி. காயில் கூலிதான் மலிவாச்சே!

கடைசியா, ஆட்டோ சுவிட்சைப் போட்டுட்டுப் படுத்துக்க. படுத்துக்கிட்டே காரியம் பார்க்க நம்மூர்ல ரங்கநாதருக்கு அப்புறம் நீதான். ராத்திரி கரண்ட் வந்த நொடியே ஒரு டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒண்ணா எகிறும். நேரடி ஸ்டார்டர்ல கிளம்புற மோட்டார், ஓடுறப்போ இழுக்கிறதைவிட ஆறு மடங்கு கூட இழுக்கும். 415 வோல்ட் தொபுக்கடீர்னு விழும். ஆளுக்கொரு நொடி தள்ளி டைமரை வச்சா தீர்ந்தது. ஆனா அதுக்குப் பக்கத்துத் தோட்டக்காரன்கிட்ட பேசணும். வரப்புத் தகராறுன்னு ஒண்ணு பாக்கி இருக்கே!

விவசாயக் கரண்ட் எல்லாருக்கும் இலவசமானது 1990-ல. காயில் கூலியை இன்னும் எந்த சர்க்காரும் இலவசமாக்கலை மாப்ளே. மோட்டாரை மறுபடி போர்ல இறக்குறதுக்கு முன்னால பிரிவென்டரை மாட்டு, ரிலேயை நேம் பிளேட் ஆம்பியருக்குத் திருப்பு, டிரை ரன்னுக்குக் காசு எடு. இல்லேன்னா காயில் கடையில மாசச் சீட்டு ஒண்ணு போட்டுடு.